பின்கட்டின் கதையையும் சொல்லுங்கள்

அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில், கடலை ஒட்டி இருக்கிறது சார்ல்ஸ்டன் நகரம். அங்குள்ள பழைய மாளிகைகளில் ஓரிரு நாள் தங்கிப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் உண்டு. அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜான் ரட்லெட்ஜ் 1763-ல் கட்டிய வீடே இன்று தங்கும் விடுதியாக நடக்கிறது.

இந்த வீடுகளின் அழகைக் குறைத்துச் சொல்ல முடியாது. அந்த ஊருக்கே உரிய வகை வீடுகளில், தெருவைப் பார்த்து இருப்பது ஓர் அறை அகலம் மட்டுமே. தெருக்கதவைத் திறந்தால் நேரே வீட்டுக்குள் போய்விட முடியாது. பக்கவாட்டில் நீளும் தாழ்வாரத்தில்தான் கால் வைக்க வேண்டும். தெற்கையோ மேற்கையோ பார்த்த அந்தத் தாழ்வாரம் கடற்காற்றை வாங்கி அறைகளுக்குள் அனுப்பும். பல வீடுகளின் வெளிச்சுவரில் வட்டமான இரும்புத் தகடுகள் தெரியும். 1886 ஆகஸ்ட் 31 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு, விரிசல் விட்ட சுவர்களை இழுத்துப் பிடிக்க வீட்டின் குறுக்கே செலுத்திய கம்பிகளின் முனைகள் அவை.

இவை இடிபடாமல் நிற்பது தற்செயல் அல்ல. 1920-ல் சூசன் பிரிங்கிள் ஃபிராஸ்ட் என்ற பெண்மணி பழைய வீடுகளைக் காக்கச் சங்கம் தொடங்கினார். 1931-ல் நகரமே சட்டம் போட்டு ஒரு வட்டாரத்தைப் பாதுகாத்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் சார்ல்ஸ்டன்தான்.

ஆனால் பழுதுபார்த்த வீட்டில் பாதிக் கதைதான் பளிச்சென்று தெரிகிறது. வீட்டுச் செங்கல்லை அருகில் போய்ப் பார்த்தால், சிலவற்றில் விரல் பதிந்த பள்ளங்கள் இருக்கும். ஈரமண்ணை அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த அடிமைகளின் விரல்கள் அவை. சில பள்ளங்கள் மிகச் சிறியவை, குழந்தைகளுடையவை. கொல்லைப்புறத்துப் பின்கட்டில் கீழே சமையலும் சலவையும் நடந்தன. மேல்மாடி அறைகளில் அடிமைகள் படுத்தார்கள். அதே பின்கட்டுகள் இன்று வண்ணம் பூசி, குளியலறை சேர்த்து, விருந்தினர் அறைகளாக வாடகைக்குக் கிடைக்கின்றன.

அப்படி வாடகைக்கு விடுவதே தவறு என்று சொல்வதற்கில்லை. ஆள் புழங்காத வீடு பாழாகும். வாடகை வந்தால்தான் கூரை நிற்கும். ஆனால் அங்கே வாழ்ந்தவர்களை மறைத்துவிட்டு வாடகை வாங்குவது தவறு. 2022-ல் மிசிசிப்பி மாநிலத்தில் 1830-களைச் சேர்ந்த அடிமைக் குடில் ஒன்று ஏர்பிஎன்பி தளத்தில் சொகுசுத் தங்குமிடமாக விளம்பரமானது. கண்டனம் கிளம்பியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அடிமைகள் குடியிருந்த இடங்களைத் தளத்திலிருந்து நீக்குவதாக அறிவித்தது. பட்டியலிலிருந்து நீக்கியதோடு கணக்குத் தீர்ந்துவிடாது.

ஜோசஃப் மெக்கில் காட்டிய வழி இதைவிடச் சிறந்தது. அடிமைகளின் வழித்தோன்றலான அவர், 2010-ல் சார்ல்ஸ்டன் அருகே மக்னோலியா தோட்டத்தின் அடிமைக் குடிலில் இரவு தங்கினார். அதன்பின் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட குடில்களின் தரையில் படுத்திருக்கிறார். கூட வருகிறவர்களோடு உட்கார்ந்து அந்த இடத்தின் வரலாற்றைப் பேசுகிறார். மாளிகைகளைக் காத்தவர்கள் இந்தக் குடில்களையும் காக்க வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை.

பின்கட்டுகளின் கதையைச் சொல்ல சார்ல்ஸ்டனுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காக நகர மன்றம் 2018 ஜூனில் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு வந்த வாடகை விதியின்படி, பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் வீட்டுக்காரர் அதே வளாகத்தில் குடியிருந்தால்தான் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விட முடியும். ஆகவே, கதை சொல்ல ஆள் வீட்டிலேயே இருக்கிறார். பின்கட்டில் யார் இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்ற வரலாற்றை அறையில் எழுதி வைப்பதை உரிமம் தருவதற்கான நிபந்தனையாகவே நகரம் ஆக்க வேண்டும்.

பக்கத்து மாநில நகரங்களான அட்லாண்டாவிலும் சார்லட்டிலும் உறவினர் உள்ள தமிழர்கள் பலர். அங்கே போகிறவர்கள் சார்ல்ஸ்டனில் தங்கினால், அறைச்சாவியை வாங்கும்போதே வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: இந்த வீட்டைக் கட்டியவர்கள் யார், பின்கட்டில் படுத்தவர்கள் யார்? விருந்தாளி கேட்கத் தொடங்கினால், வீட்டுக்காரரும் தேடத் தொடங்குவார்.