காலியான நாற்காலியும் கரும்புப் பாக்கியும்



ஒரு எம்.பி. காலமானாலோ, ராஜினாமா செய்தாலோ, பதவி பறிபோனாலோ அந்தத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வருகிறது. இடைத்தேர்தல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? பெரியவர்களுக்கு 1973 திண்டுக்கல். கட்சி ஆரம்பித்து ஏழு மாசத்தில் எம்.ஜி.ஆர். கட்சி ஜெயித்த பாராளுமன்ற இடைத்தேர்தல். இளவட்டங்களுக்கு 2009 திருமங்கலம். அது சட்டமன்றத்துக்கு நடந்ததுதான். ஆனாலும் ஓட்டுக்குக் கவர் கொடுக்கிற வழக்கத்துக்கே அந்த ஊர்ப் பேரை வைத்துவிட்டார்கள். பாவம், அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்!

ஆனால் கரும்பு போட்டவனும் நெல் போட்டவனும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய இடைத்தேர்தல் வேறு ஒன்று இருக்கிறது. அது நம் மாநிலத்தில் நடக்கவில்லை. உத்தரப்பிரதேசத்தில் கைரானா என்கிற தொகுதியில் 2018 மே 28-ம் தேதி நடந்தது.

கைரானா உ.பி.யின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. யமுனையைத் தாண்டினால் அரியானா. தொகுதி முழுக்கக் கரும்பு. நம்மைப் போலவே அங்கேயும் ஆலைக்கு வெட்டி அனுப்பிவிட்டு, பணம் எப்போ வரும் என்று வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜனங்கள்தான். சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 1966-ம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இந்தியா முழுக்க ஒன்றுதான். கரும்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்த 14 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் வருஷத்துக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தரவேண்டும். இந்த வட்டியை ஆலைக்காரன் தானாகக் கொண்டுவந்து கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிய விவசாயி நம் வட்டாரத்தில் யாராவது உண்டா? இருந்தால் அவர் வீட்டுக்கு நாமே போய் மாலை போட்டுவிட்டு வரலாம்.

2018 பிப்ரவரி 3-ம் தேதி கைரானா எம்.பி. ஹுக்கும் சிங் காலமானார். பாரதிய ஜனதா கட்சிக்காரர். 2014-ல் 2 லட்சத்து 36 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர். அவர் மகள் மிருகாங்கா சிங்கையே கட்சி நிறுத்தியது. எதிரே அஜித் சிங்கின் ராஷ்டிரிய லோக் தளம் தபசும் ஹசன் என்ற அம்மாவை நிறுத்தியது. சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ், காங்கிரஸ் எல்லாம் அவருக்கு ஆதரவு. மாநிலத்தின் கரும்புத் துறை மந்திரி சுரேஷ் ராணா எம்.எல்.ஏ.வாக இருந்த தானா பவன் சட்டமன்றத் தொகுதியும் இதே கைரானாவுக்குள்தான் வருகிறது. மந்திரி வீட்டு வாசலிலேயே கரும்புப் பாக்கி!

அந்தச் சமயம் பார்த்து ஒரு விவகாரம் கிளம்பியது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடத்தில் பல பத்து வருஷமாக ஜின்னா படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷம் யார் கண்ணுக்கும் உறுத்தாத அந்தப் படம் 2018 மே மாதம் திடீரென்று உறுத்த ஆரம்பித்தது. டி.வி.யைத் திறந்தால் ஜின்னா, மேடை ஏறினால் ஜின்னா. 2013-ல் பக்கத்து முசாபர்நகரில் நடந்த கலவரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதிலிருந்து ஜாட் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். அந்தப் புண் ஆறிவிடக் கூடாது என்று சிலருக்குக் கவலை.

அப்போது அஜித் சிங்கும் அவர் மகன் ஜெயந்த் சவுத்ரியும் ஊர் ஊராகப் போய் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். இந்தியில் கரும்புக்குக் 'கன்னா' என்று பேர். 'ஜின்னா வேண்டாம், கன்னாதான் பேசணும்' என்பதுதான் கோஷம். அவ்வளவுதான். படத்தைப் பற்றிப் பேச வந்தவனிடம் பாக்கியைப் பற்றிக் கேட்டார்கள் ஜனங்கள்.

ஓட்டுப்போட்ட நாளில் கொளுத்துகிற வெயில். ரம்ஜான் நோன்பு வேறு. எந்திரங்கள் பழுதாகி ஜனங்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். 73 வாக்குச்சாவடியில் மே 30-ம் தேதி மறுபடியும் ஓட்டுப்பதிவு நடத்த வேண்டியதாயிற்று. மே 31-ல் எண்ணிப் பார்த்தால் தபசும் ஹசன் 44,618 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். ஜாட் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் தலித் மக்களும் ஒரே பொத்தானை அழுத்தியதால் வந்த ஜெயிப்பு இது.

இனிதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள், மே 27-ல், பிரதமர் மோடி பக்கத்து பாக்பத்தில் புது ரோடு திறக்க வந்தார். மேடையில் கரும்பு விவசாயியின் பாக்கியைப் பற்றிப் பேசினார். முடிவு வந்த ஆறாம் நாள், ஜூன் 6-ம் தேதி, மத்திய மந்திரிசபை கூடி சர்க்கரைத் துறைக்கு 8,500 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. நாடு முழுக்க விவசாயிக்கு வரவேண்டிய கரும்புப் பாக்கி 22 ஆயிரம் கோடிக்கு மேல் என்று அரசாங்கமே எழுத்தில் ஒத்துக்கொண்டது. சர்க்கரையை ஆலை கிலோ 29 ரூபாய்க்குக் கீழே விற்கக் கூடாது என்று விலை கட்டியதும் அன்றைக்குத்தான். வருஷக்கணக்கில் கூட்டம் போட்டும் மறியல் செய்தும் நகராத கோப்பு எப்படி நகர்ந்தது? ஒரு தொகுதியின் தோல்விக்குப் பயந்து என்று எந்த மந்திரியும் சொல்லமாட்டார். தேதிகளை வரிசையாக வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்கிறபோது மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த 8,500 கோடியில் பாதிக்கு மேல், அதாவது 4,440 கோடி, எத்தனால் வசதிக்காக ஆலைகளுக்கு வங்கி தருகிற கடன். அதற்கு வட்டிச் சலுகை வேறு 1,332 கோடி. கரும்பு வெட்டியவனுக்கு நேராக வந்தது சொச்சம்தான். பாக்கியும் ஒரேயடியாகத் தீர்ந்துவிடவில்லை. அடுத்த வருஷமே, 2019 பொதுத்தேர்தலில், அதே கைரானாவை 90 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் பாரதிய ஜனதா திரும்பப் பிடித்தது. அது மட்டுமா? கன்னா கோஷம் போட்ட அந்தக் கட்சியே 2024-ல் பாரதிய ஜனதா அணிக்குப் போய்விட்டது. ஜெயந்த் சவுத்ரி மத்திய மந்திரி ஆனார். ஆகவே கட்சியை நம்பச் சொல்லி இந்த நோட்டீசை எழுதவில்லை. எந்தக் கட்சியும் நம் வயலுக்குத் தண்ணி கட்ட வராது. நாம் சொல்வது, அந்த மே மாதத்தில் கைரானா ஜனங்கள் கையில் ஒரு பிடி இருந்தது, அதை விடாமல் பிடித்தார்கள் என்பதைத்தான். பிடி தளர்ந்ததும் பழைய கதை.

கைரானாவில் ஓட்டுப்போட்ட அதே நாளில் மகாராஷ்டிரத்தில் பண்டாரா-கோந்தியா தொகுதியிலும் இடைத்தேர்தல். அது நெல் விளைகிற சீமை. அங்கே எம்.பி.யாக இருந்த நானா படோலே, விவசாயிகள் பிரச்சினையில் சொந்தக் கட்சி அரசாங்கத்தோடு சண்டை போட்டு 2017 டிசம்பரில் பதவியை ராஜினாமா செய்தவர். அங்கேயும் ஆளுங்கட்சி தோற்றது.

டீசலுக்கு வருவோம். 2021 அக்டோபர் 30-ம் தேதி மூன்று எம்.பி. தொகுதிகளுக்கு இடைத்தேர்தல். அதில் இமாசலப்பிரதேசத்து மண்டியும் ஒன்று. 2019-ல் பாரதிய ஜனதா 4 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதி. நவம்பர் 2-ல் எண்ணும்போது சில ஆயிரம் ஓட்டில் காங்கிரசிடம் போயிற்று. விலைவாசிதான் தோற்கடித்தது என்று அந்த மாநில முதலமைச்சரே சொன்னார். மறுநாள், நவம்பர் 3-ம் தேதி, டீசல் மேல் மத்திய அரசு போடும் வரி லிட்டருக்கு 10 ரூபாய் குறைந்தது, பெட்ரோலுக்கு 5 ரூபாய். தீபாவளிப் பரிசு என்றார்கள். தீபாவளி வருஷா வருஷம்தான் வருகிறது!

அந்த மாசம் 19-ம் தேதி மூன்று வேளாண் சட்டங்களையும் வாபஸ் வாங்குவதாகப் பிரதமர் அறிவித்தார். அது டெல்லி எல்லையில் ஒரு வருஷம் குளிரிலும் மழையிலும் கிடந்த விவசாயிகளின் வெற்றி. அதை இடைத்தேர்தல் கணக்கில் எழுதுவது அவர்களுக்குச் செய்கிற துரோகம். ஆனால் ரோட்டில் உட்கார்ந்தவனின் குரல் ஓட்டுப்பெட்டி பக்கமிருந்தும் வரும்போது கொஞ்சம் சீக்கிரம் காதில் விழுகிறது.

அதனால்தானோ என்னவோ, காலியான நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்க மேலே இருப்பவர்களுக்கு ஆசை வருகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. 1996-ல் சேர்த்தது. இடம் காலியான ஆறு மாசத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும். மிச்சப் பதவிக்காலம் ஒரு வருஷத்துக்குள் என்றால் நடத்த வேண்டாம். ஆறு மாசத்தில் நடத்துவது கஷ்டம் என்றால், தேர்தல் கமிஷன் மத்திய அரசைக் கலந்து அதைச் சான்று எழுதித் தரவேண்டும். சட்டம் இவ்வளவுதான்.

நடப்பதைப் பாருங்கள். நம் கன்னியாகுமரி எம்.பி. வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28-ல் கொரோனாவில் காலமானார். இடைத்தேர்தல் நடந்தது 2021 ஏப்ரல் 6-ல், சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து. ஏழு மாசத்துக்கு மேல். கொரோனா காலம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அதே கொரோனா காலத்தில், 2020 நவம்பரில், பீகாரில் வால்மீகிநகர் எம்.பி. இடைத்தேர்தல் நடந்ததே! இந்த ஏழு மாச இடைவெளியில் மக்களவையில் என்ன நடந்தது தெரியுமா? அந்த மூன்று வேளாண் மசோதாக்களும் 2020 செப்டம்பரில் நிறைவேறின. குமரி மாவட்டத்து ரப்பர் விவசாயிக்கும் வாழை விவசாயிக்கும் நெல் விவசாயிக்கும் அன்றைக்கு அந்த அவையில் எழுந்து நிற்க ஆள் இல்லை. ஒரு ஆள் எழுந்திருந்தால் மசோதா தோற்றிருக்காதுதான். ஆனால் நம் தலையெழுத்தை எழுதும்போது நம் ஆள் அங்கே இருந்தானா இல்லையா என்பது கேட்க வேண்டிய கேள்விதானே?

புனேயில் இதைவிட மோசம். எம்.பி. கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29-ல் காலமானார். மிச்சப் பதவிக்காலம் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அப்படியும் நடத்தவில்லை. பொதுத்தேர்தல் வேலை இருக்கிறது, ஜெயிப்பவருக்குக் கிடைக்கிற காலமும் கொஞ்சம்தான் என்று கமிஷன் காரணம் சொன்னது. ஒரு வாக்காளர் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2023 டிசம்பரில் உடனே தேர்தல் நடத்து என்று உத்தரவு வந்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கடைசிவரை நடக்கவே இல்லை. பொதுத்தேர்தல் முடியும்வரை ஒரு வருஷத்துக்கு மேல் புனேக்கு எம்.பி. கிடையாது. நம் ஊரில் வி.ஏ.ஓ. நாலு நாள் வரவில்லை என்றால் சிட்டா அடங்கல் வாங்க எவ்வளவு அலைகிறோம்! எம்.பி. இல்லாததை மட்டும் யாரும் கேட்பதில்லை. இருந்தபோதும் வந்து பார்க்காததால் இருக்கும் என்று ஒரு தோழர் சொன்னார். சிரித்தோம். ஆனால் சிரித்து விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது.

நாளைக்கு நம் பக்கம் ஒரு தொகுதி காலியானால் என்ன நடக்கும்? மந்திரிகள் ஊருக்கு ஒருத்தர் என்று வந்து இறங்குவார்கள். பத்து வருஷமாகப் போடாத ரோட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லி கொட்டுவார்கள். கவர் வரும். இங்கே ஜின்னா படம் தேவையில்லை, சாதி இருக்கிறது. அதை வைத்துத் தெருவுக்குத் தெரு கோடு போடுவார்கள். அந்த இரண்டாயிரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 டன் கரும்புக்கு டன்னுக்கு 3,000 ரூபாய் வீதம் 1 லட்சத்து 20 ஆயிரம் ஆலையில் நிற்கிறது என்று வைப்போம். ஒரு வருஷம் நின்றால் சட்டப்படி வட்டி மட்டும் 18 ஆயிரம். 18 ஆயிரத்தை விட்டுக்கொடுத்து 2 ஆயிரம் வாங்குகிறவனை என்னவென்று சொல்வது! சொசைட்டியில் நகையை வைத்து, வெட்டுக்கூலி கொடுத்து, ஆலைக்கு அனுப்பியவன் நாம்தானே?

ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், எந்தக் கொடியாக இருந்தாலும், ஊர்ப் பொது இடத்தில் நிறுத்தி இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஊருக்கு ஆலை தரவேண்டிய பாக்கி எவ்வளவு, அது உங்களுக்குத் தெரியுமா? 15 சதவீத வட்டியை வாங்கித் தருவதாக எழுத்தில் தருவீர்களா? இதைக் கேட்க நம் கையில் ஊர்க் கணக்கு இருக்கவேண்டும். இடைத்தேர்தல் அறிவித்த பிறகு கணக்கு எடுக்க உட்கார்ந்தால் நேரம் பத்தாது.

எனவே ஒவ்வொரு கிளைச் சங்கமும் இப்போதே ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுகிறது. கரும்பு போட்டவர்கள் எடைச் சீட்டு, வெட்டு உத்தரவு, பாஸ்புக் நகல் மூன்றையும் கொண்டுவந்து, அனுப்பிய தேதி, டன், வந்த பணம், வராத பணம் எல்லாவற்றையும் பதிந்துகொள்ளுங்கள். நெல்லுக்காரர்கள் கொள்முதல் நிலையத்து ரசீதைக் கொண்டு வரலாம். குத்தகைக்கு உழுகிறவர்கள் பேர் வராது என்று ஒதுங்க வேண்டாம், தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பெண்கள் பேரில் பதிவு இருந்தால் அவர்களே வந்து கையெழுத்துப் போடட்டும். எடைச் சீட்டைத் தொலைத்தவர்களும் வாருங்கள், பதிவு நம்பரை வைத்து ஆலையிடம் நகல் கேட்க மனு எழுதித் தருகிறோம்.