இத்தாலியக் காரா, ஜப்பான் காரா? கோடீஸ்வரர்களின் பட்டிமன்றம்

உலகத்துச் சீமான்களுக்குள் ஒரு பெரிய வழக்கு நடக்கிறது. வாங்கிச் சேர்த்து வைக்கத் தகுந்தது இத்தாலிய சொகுசுக் காரா, ஜப்பானிய சொகுசுக் காரா என்பதே வழக்கு. அரைப்படி நெல்லுக்கும் பஞ்சப்படிக்கும் போராடும் நமக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது!

இத்தாலியின் தரப்பில் நிற்பது ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 1962 முதல் 1964 வரை செய்யப்பட்டவை 36 வண்டிகளே. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். தொழிலாளர்கள் கையால் தட்டித் தட்டி வளைத்த அலுமினிய உடல். புதிதில் விலை சுமார் 18,000 டாலர். 2018-ல் அமெரிக்காவில் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

ஜப்பானின் தரப்பில் டொயோட்டா 2000 ஜி.டி. 1967 முதல் 1970 வரை ஏறக்குறைய 350 வண்டிகள். ஆறு சிலிண்டர். யமஹா கம்பெனித் தொழிலாளர்கள் உருவாக்கியது. பந்தயத்தில் ஓடிய ஒன்று 2022-ல் 25 லட்சத்து 35 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. இரண்டும் அழகான வண்டிகள்தாம், மறுக்கவில்லை. நம்மவர் கைவேலையை நாமே பழிப்போமா?

ஆனால் 18,000 டாலர் எப்படிக் கோடிகளாயிற்று? செப்பனிட்ட கூலியைக் கழித்துப் பாருங்கள். கொட்டகையில் நின்ற வண்டிக்கு 2,600 மடங்குக்கு மேல் விலை ஏறியிருக்கிறது. தகடு தட்டியவனின் கணக்கோ அன்றைய கூலியோடு தீர்ந்துபோயிற்று. பந்தயத்தில் வென்றது, அபூர்வமானது என்று காரணம் சொல்கிறார்கள். அபூர்வம் என்றால் என்ன? ஊருக்குப் பயன்படாத அளவுக்குக் குறைவாகச் செய்தது என்றுதானே பொருள்!

வண்டி யார் யார் கைமாறியது என்ற வரலாற்றுக்கும் தனி விலை உண்டாம். வரலாறுதானே வேண்டும்? நாம் சொல்கிறோம்.

இத்தாலியில் மோதெனா நகரம். ஃபெராரி, மசெராட்டி கார்களின் சீமை. 1950 ஜனவரி 9. கதவடைப்பை எதிர்த்து வார்ப்படத் தொழிற்சாலை வாசலில் திரண்ட தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. ஆறு பேர் மாண்டனர். அந்த ஆலையின் முதலாளி அடோல்ஃபோ ஓர்சி. மசெராட்டி கம்பெனியும் அவருடையதே! அதே கம்பெனி 1957-ல் 3500 ஜி.டி. என்ற சொகுசுக் காரை வெளியிட்டது. இன்று சீமான்கள் அதையும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்.

இனி ஜப்பான். நூற்பாலைத் தோழர்களுக்கு ஒரு செய்தி: டொயோட்டா குடும்பம் முதலில் தானியங்கித் தறி செய்த குடும்பம். அதே 1950-ல் கம்பெனி நொடித்தது. ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஜூனில் போராட்டம் முடிந்தபோது ஏறத்தாழ 2,000 பேர் வெளியே போயிருந்தார்கள். அதே மாதம் கொரியாவில் யுத்தம் மூண்டது. அமெரிக்க ராணுவம் லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது, கம்பெனி பிழைத்துக்கொண்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் 2000 ஜி.டி.யைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அதே கம்பெனிதான்.