விபத்தும் தேய்வும்: ஊவாத் தோட்டத் தொழிலாளியின் நட்டஈட்டுரிமை

தொழிலாளியின் உடலுக்கு வேலையினால் நேரும் தீங்கு இரு வகைப்படும். ஒன்று கணப்பொழுதில் நேர்வது. மற்றது ஆண்டுக்கணக்கில் நேர்வது. பாறை வழுக்கி விழுந்து கால் முறிதல் முதல் வகை. முப்பது ஆண்டுகள் மலை ஏறி இறங்கி முழங்கால் தேய்தல் இரண்டாம் வகை. முதலாவதற்கு நாளும் நேரமும் உண்டு. கண்ட சாட்சியும் உண்டு. ஆதலால் அது சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படுகின்றது. இரண்டாவதற்கு இவற்றுள் எதுவுமில்லை. ஆதலால் அது தீங்காகவே கணிக்கப்படுவதில்லை. பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் தீராத மூட்டு நோவோடு வாழும் பெண்களின் இன்றைய நிலைக்கு இவ்வேறுபாடே மூலகாரணமாகும்.

பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹப்புத்தளை முதலிய பகுதிகளின் தேயிலை மலைகள் செங்குத்தானவை. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்த பெண், இடுப்பிலே படங்கைச் சுற்றிக்கொண்டு, கூடையின் கயிற்றைத் தலையிலே தாங்கி, சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று நாள் முழுவதும் கொழுந்து பறிக்கிறாள். கூடை நிறைய நிறையக் கழுத்தும் முதுகும் பாரத்தை ஏற்கின்றன. பாரத்தோடு இறங்கும்போது அத்தனையும் முழங்காலில் இறங்குகின்றது. குறித்த நிறை எடுக்காவிடின் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான். நோவுடைய மூட்டுக்கு ஓய்வு கொடுத்தால் கூலி குறையும். கூலியைக் காத்தால் மூட்டு தேயும். இவ்விரண்டில் எதைத் தேர்ந்தாலும் இழப்பு அவளுடையதே.

பதினெட்டு வயதில் பேர் பதிந்து, நாற்பத்தைந்து வயதில் இனி மலை ஏற இயலாது என்னும் நிலையை அடைந்த ஒருத்தியை உதாரணமாகக் கொள்ளலாம். அவளுக்கென நாட்டில் எத்தனை கதவுகள் உள்ளன?

முதலாவது, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தினால் ஏற்படும் காயத்துக்கு முதலாளி நட்டஈடு செலுத்த வேண்டும் என்பது இதன் அடிப்படை. கையோ விரலோ இழந்தால் உழைக்கும் ஆற்றலில் எத்தனை நூற்றுவீதம் இழந்ததாகக் கொள்ள வேண்டும் என்பதையும் அட்டவணையிட்டு வகுத்துள்ளது. நோய்க்கும் இடமுண்டு, ஆயின் இன்ன தொழிலுக்கு இன்ன நோய் என அட்டவணை அதனை ஏற்றிருக்க வேண்டும். கொழுந்து பறித்தவளின் முழங்கால் எந்த நாளில் கெட்டது என்று கேட்டால் அவளால் விடை கூற இயலாது. அது ஒவ்வொரு நாளும் கெட்டது என்பதே உண்மையான விடை. அந்த விடையை எழுதுவதற்கு விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை.

இத்தகைய அட்டவணைகள் ஒருமுறை எழுதப்பட்டு மாறாது நிற்பவை அல்ல. சர்வதேசத் தொழில் நிறுவனம் 1925 இல் இயற்றிய சமவாயம் ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, அந்திராக்ஸ் ஆகிய மூன்றையே தொழில்சார் நோய்களாகக் கொண்டது. அந்நிறுவனம் 2010 இல் திருத்திய பட்டியலோ தசை, எலும்பு, மூட்டு நோய்களுக்கெனத் தனிப்பிரிவு வகுத்து, நெடுங்காலம் மண்டியிட்டோ குந்தியிருந்தோ வேலை செய்வதனால் முழங்காற் குருத்தெலும்பில் உண்டாகும் சிதைவையும் பெயர் குறித்துச் சேர்த்துள்ளது. உலகம் ஏற்றுக்கொண்ட உண்மையை, நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேயிலையால் செல்வம் ஈட்டிய நாடு ஏற்கத் தயங்குவது ஏன்?

இரண்டாவது கதவு ஊழியர் சேமலாப நிதி. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் இந்நிதியைப் பெறலாம். அதற்கு முன் நோயின் பேரில் பெறுவதாயின் நிரந்தரமான, முழுமையான இயலாமையை வைத்தியர் உறுதிப்படுத்த வேண்டும். மலை ஏற முடியாத, ஆனால் அடுப்பு மூட்டக்கூடிய ஒருத்தியை எந்த வைத்தியர் முழுமையாக இயலாதவள் என எழுதுவார்? அப்படி எழுதினாலும் கிடைப்பது அவள் பெயரிற் சேர்ந்த அவளது பணமே. வேலையை விட்டு விலகினால் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் தரும். இருபத்தேழு ஆண்டுச் சேவைக்கு அது 378 நாட் கூலி. இது சேவைக்கு உரியது. தேய்ந்த உடலுக்கு உரியதன்று. இவ்விரண்டையும் காட்டி, தொழிலாளிக்குப் பாதுகாப்பு இருக்கின்றது எனக் கூறுவோர், ஒருவரின் சேமிப்பை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தருமம் செய்ததாகப் பெருமை கொள்கின்றனர்.

மூன்றாவது, வறிய குடும்பங்களில் வலுவிழந்தோருக்கு அரசு வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு. 2025 வரவு செலவுத் திட்டம் இதனை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தியது, அது வரவேற்கத்தக்கதே. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவரை வலுவிழந்தவர் என்கின்றது. ‘பகுதியாகவோ’ என்னும் அச்சொல் மிக முக்கியமானது. ஒரு சட்டத்தின்படி வலுவிழந்தவள், இன்னொரு சட்டத்தின்படி வேலைக்குத் தகுதியானவள்! நடைமுறையிலோ கண்ணுக்குத் தெரியும் குறையே குறையென மதிக்கப்படுகின்றது. கால் இழந்தவர் வாசலில் நின்றாலே நிலை விளங்கும். மூட்டு நோவுடையவள் நடந்தே அலுவலகத்துக்கு வருகிறாள். நடந்து வந்ததே அவளுக்கு எதிரான சான்றாகிவிடுகின்றது. அந்த நடைக்குப் பின் அவள் எத்தனை நாள் படுத்திருந்தாள் என்பதை எவரும் கேட்பதில்லை.

வலியை எவரும் நடிக்கலாம் என்பது இங்கு எழுப்பப்படும் முதல் ஆட்சேபம். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்தேறி, பதுளை வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்திலும் வரிசையில் நின்று, அடுத்த மாதம் வருமாறு பணிக்கப்பட்டுத் திரும்பும் ஒருத்தி எதற்காக நடிக்க வேண்டும்? எக்ஸ்கதிர்ப் படத்தில் தேய்வு பெரிதாகத் தெரியாதபோதும் வலி கடுமையாயிருக்கலாம் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. உலகச் சுகாதார நிறுவனம் 2001 இல் ஏற்ற வகைப்பாடு, உடலின் குறையை மட்டுமன்றி, அவ்வுடல் தன் சூழலில் எதைச் செய்ய முடிகின்றது என்பதையும் சேர்த்தே இயலாமையை அளக்கின்றது. சமதரையில் நடக்கக்கூடிய முழங்கால் மலைச்சரிவில் நிற்காது. அவளது தொழிலிடம் மலைச்சரிவே.

இலேசான வேலை கொடுக்கலாமே என்பது இரண்டாவது ஆட்சேபம். பிள்ளைக்காம்பராவிலும் சில்லறை வேலையிலும் எத்தனை பேருக்கு இடமுண்டு? அதுவும் உரிமையாகவன்றித் துரையினதோ கணக்குப்பிள்ளையினதோ தயவாகவே கிடைக்கின்றது. மேலும் லயத்து அறை வேலையோடு பிணைந்திருப்பதனால், பேர் வெட்டப்படும் அச்சம் வீடிழக்கும் அச்சமாகவும் மாறுகின்றது. நோவை மறைத்து மலைக்குச் செல்லும் பெண்ணின் மௌனத்துக்கு இதுவே காரணம். அரசாங்க அலுவலகத்து எழுதுவினைஞர் ஒருவர் கடமையாற்ற இயலாதவரானால் மருத்துவச் சபையின் முன் தோன்றி ஓய்வூதியத்தோடு விலக வழியுண்டு. அது நியாயமே. அதே நியாயம் கூடை சுமந்தவளுக்கு மறுக்கப்படுவது எந்த நியாயம்?

செய்ய வேண்டியவை தெளிவானவை. தேயிலைத் தொழிலில் நெடுங்காலம் உழைத்தோரின் மூட்டு, முதுகு நோய்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலே பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். குறித்த ஆண்டுகள் உழைத்தவருக்கு அந்நோய் வேலையினாலன்று என நிரூபிக்கும் பொறுப்பு கம்பனியைச் சார வேண்டும். பகுதி இயலாமைக்கும் பகுதிக் கொடுப்பனவு வேண்டும். மதிப்பீட்டுக் குழு தோட்டங்களுக்கே சென்று, நோயாளியின் மொழியிலே கேட்டறிய வேண்டும். பண்டாரவளை, ஹல்துமுல்ல, ஹாலி எல, ஹப்புத்தளை, பசறை முதலிய பிரிவுகள் 1999 இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. வலியைச் சொந்த மொழியில் எடுத்துரைக்க இயலாத இடத்தில் அப்பிரகடனத்துக்குப் பொருளில்லை.

மலையகத்தைப் பற்றிய ஆய்வுகள் பல்கலைக்கழகங்களில் குறைவின்றி எழுதப்படுகின்றன. குடியுரிமையும் கூலியும் பேசப்பட்ட அளவுக்கு உடல் பேசப்படவில்லை. அந்த லயங்களிலிருந்து வந்து விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கும் மாணவர் பலரின் கல்விச் செலவு தேய்ந்த முழங்கால்களால் ஈட்டப்பட்டது. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் ஒரு தாயின் வேலை வரலாற்றையும் நோய் வரலாற்றையும் ஆண்டுவாரியாக எழுதி, அவளது விண்ணப்பத்தோடு இணைக்க உதவலாம். சட்டம் சாட்சி கேட்கின்றது. அச்சாட்சியைத் திரட்டும் கல்வி அவர்களிடம் உண்டு. அத்தகைய விண்ணப்பங்கள் நூறு நூறாக ஒரே மேசையில் வந்து சேருமாயின், ஒருத்தியின் முறைப்பாடு எனத் தள்ளிவைக்கப்பட்டது ஒரு தொழிலின் நோயென ஏற்கப்பட்டே ஆகவேண்டும்.