மலைமொழி மலையடியில் ஒலிக்கட்டும்!

கொல்லிமலையில் ஆகாயகங்கை என வழங்கும் அருவியாய் வீழும் ஐயாறு, மலையிறங்கி நிலந்தொடும் இடம் புளியஞ்சோலை. வல்வில் ஓரி ஆண்ட அம்மலையில் சாமையும் தினையும் விளைத்து வாழும் பழங்குடியினர்க்கு 'மலையாளிகள்' என்று பெயர். பெயரளவில் நோக்கி அவரைச் சேரநாட்டார் என மயங்குவாரும் உளர். அவர்தம் தாய்மொழியோ தமிழே! அத்தமிழ் சந்தைக்கும் பள்ளிக்கும் இறங்கி வருங்கால், அதனைக் கொச்சையென நகைப்பவர் யார்? தமிழரே அல்லரோ?

இவ்விழிநகைக்கு விடையாக அமையத்தக்கவை, மலைமக்கள் மொழிகளில் அண்மையில் தோன்றிய திரைப்படங்கள். இருளமொழியில் விசீசு மணி இயக்கிய 'நேதாசி' 2019-ஆம் ஆண்டிலும், பிரியநந்தனனின் 'தபாரிக் குருவி' 2022-ஆம் ஆண்டிலும் கோவாத் திரைப்பட விழாவின் இந்தியப் படவரிசையில் இடம்பெற்றன. பின்னதில் நடித்தோர் பழங்குடி மக்களே. மனோசு காணாவின் 'கெஞ்சிரா', 2021-இல் அறிவிக்கப்பெற்ற 67-ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில், பணியர் மொழியின் சிறந்த படமெனத் தேர்வு பெற்றது. இருளரும் பணியரும் தமிழ்நாட்டிலும் வாழ்வோர். எனினும், இம்மூன்று படங்களையும் இயக்கியோர் கேரளத்தார்! கோடிகளைக் கொட்டிப் படமெடுக்கும் தமிழ்த் திரையுலகம் இதனை எண்ணி நாணுதல் வேண்டும்.

ஆத்திரேலியப் பழங்குடியினர் மொழியில் 2006-இல் வெளிவந்த 'பத்து ஓடங்கள்' என்னும் படத்தை உரோல்ப் தெ ஈருடன் இணைந்து இயக்கியவர், அக்குடியைச் சேர்ந்த பீட்டர் திசிகிர். மாந்தவியலறிஞர் தொனால்டு தாம்சன் 1930-களில் எடுத்த நிழற்படமொன்றே அதற்கு வித்து. படத்திற்கென அம்மக்கள் தம் முன்னோர் முறையில் மரப்பட்டை ஓடங்களை மீண்டும் செய்தனர். உலகத்தார்க்கு ஆங்கில விளக்கவுரையுடன் ஒரு வடிவமும், தம்மவர்க்கு முற்றும் தம்மொழியிலேயே ஒரு வடிவமும் அமைந்தன. படம் யாருக்காக என்னும் வினாவிற்கு அதுவே தக்க விடை.

அவ்விடை புளியஞ்சோலையிலும் எழுதப்படல் வேண்டும். மலையடியில் ஒரு வெண்திரை கட்டி, இருளமொழிப் படத்தைக் கொல்லிமலை மக்கள் முன் காட்டுக. 'அவர்க்கு அது விளங்குமா?' என ஐயுறற்க. இருளமொழி தமிழுக்கு மிக நெருங்கிய உடன்பிறப்பு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கும் அதனைத் தமிழின்கீழ் வைத்தே தொகுத்தது. சொல் சில விளங்காதொழியினும், தம்போன்ற மலைமக்கள் நாணாது தம்மொழி பேசித் திரையில் நிமிர்ந்து நிற்றல் விளங்கும். அதனைக் காணும் மலைச்சிறுவன், பள்ளியில் தன் பேச்சை இனி ஒளித்துக்கொள்ளான்.

இந்தி தமிழை விழுங்கலாகாது என்று போராடியவர் தமிழர். அவர்தம் தமிழே இருளர்க்கும் பணியர்க்கும் மற்றோர் இந்தியாகி விடலாகாது. வலியார்முன் தமிழுக்கு உரிமை கேட்கும் நா, மெலியார் மொழிக்கும் அவ்வுரிமையை வழங்கும்போதே அறத்தின் நா ஆகும். அத்தகு நாவே தமிழர்க்கு வேண்டும்!