பாட்டுக்குப் பூட்டு

பழைய தமிழ்ப் படங்களை வீட்டில் இருந்தபடி பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். படங்கள்தான் சரிவரக் கிடைப்பதில்லை. பிலிம் அழிந்துபோயிற்று என்பது ஒரு காரணம். அழியாமல் இருக்கிற பிலிமையும் வெளியே எடுக்கவிடாமல் தடுப்பது இன்னொரு காரணம். அதாவது, படத்துக்குள் இருக்கும் பாட்டு யாருக்குச் சொந்தம் என்கிற விவகாரம். இதைச் சினிமாக்காரர்களின் பங்காளிச் சண்டை என்று பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்கத்தக்க விஷயம் இதுவல்ல என்பது நமது அபிப்பிராயம்.

ஐந்தருவியில் குளித்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேலே ஒரே நீர். பாறையில் இறங்கும்போது ஐந்து கிளை. சினிமாப் பாட்டும் காதுக்கு ஒன்றாகக் கேட்கிறது. சட்டத்தின் கண்ணுக்குக் கிளைகிளையாகத் தெரிகிறது. சொல்லை எழுதியவருக்கு ஒரு பாத்தியதை, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று, பாடினவருக்கு ஒன்று, ஒலித்தட்டில் பதிந்தவருக்கு ஒன்று, எல்லாவற்றையும் கூட்டிப் படம் பிடித்தவருக்கு ஒன்று. அருவியில் எந்தக் கிளையில் தலையை நீட்டினாலும் நனையலாம். இங்கேயோ ஐந்து பேரும் சம்மதித்தாலொழிய ஒருவரும் நனைய முடியாது.

ஓர் உதாரணம் காட்டுகிறோம். சென்னையில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' 1944-ல் வெளிவந்தது. சினிமாப் படத்துக்கு வெளியான வருஷத்தின் முடிவிலிருந்து 60 வருஷம் பாத்தியதை என்பது நம் சட்டம். ஆகவே, படம் என்கிற அளவில் 'ஹரிதாஸ்' 2004 முடிவோடு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஆனால் அதன் பாட்டுகளை எழுதியவர் பாபநாசம் சிவன். (நம் பக்கத்துப் பாபநாசம் அல்ல, தஞ்சாவூர்ப் பாபநாசம்.) அவர் காலமானது 1973-ல். எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகு 60 வருஷம் என்கிற கணக்குப்படி, அவர் பாட்டுகளின் பாத்தியதை 2033 முடிவு வரையில் உயிரோடு இருக்கிறது. அது அவர் வாரிசுகளிடம் இருந்தால் என்ன, படமெடுத்த கம்பெனியிடம் போயிருந்தால் என்ன, கெடு மாறுவதில்லை. படம் விடுதலையாகியும் பாட்டு சிறையில் இருக்கிறது. பாட்டை எடுத்துவிட்டால் 'ஹரிதாஸ்' ஏது?

அந்தக் காலத்துப் படங்கள் எல்லாமே இப்படித்தான். 'பவளக்கொடி'யில் (1934) சுமார் 50 பாட்டுகள்! புதுப் படமென்றால் தகராறுள்ள பாட்டை வெட்டிவிட்டு வேறொன்றை ஒட்டிவிடலாம். 2025 செப்டம்பரில் அது நடந்தது. 'குட் பேட் அக்லி' படத்தில் தம் பழைய பாட்டுகள் மூன்றை அனுமதியின்றிச் சேர்த்ததாக இளையராஜா வழக்குத் தொடர்ந்தார். சென்னை ஹைகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது. சில தினங்களில் அந்தப் படத்தை நெட்பிளிக்ஸ் தன் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. பாட்டுகளை மாற்றியபின் படம் திரும்பி வந்துவிட்டது. பாகவதர் படத்துக்கு இந்த வைத்தியம் செய்ய முடியுமா?

செல்வச் செழிப்புள்ள அமெரிக்காவிலும் இதே கதைதான். சார்லஸ் பர்னெட் என்ற நீக்ரோ வகுப்பு டைரக்டர் மாணவராக இருந்தபோது எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' என்ற படம் 1977-ல் முடிந்தது. பாட்டுகளுக்குப் பணம் கட்ட வழியில்லாமல் அது 30 வருஷம் முடங்கி, 2007-ல்தான் தியேட்டருக்கு வந்தது. அங்கே கறுப்பு மக்கள் நடத்திய உரிமைப் போரைச் சொல்லும் 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' (1987) என்ற வரிசைப் படமும், பாட்டு, புகைப்படம் முதலியவற்றுக்கு வாங்கிய லைசென்ஸ்கள் காலாவதியானதால் பல வருஷம் மறைந்து கிடந்தது. தர்ம ஸ்தாபனங்கள் பணம் கொடுத்த பிறகு 2006-ல் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. ஒரு ஜன சமூகம் தன் விடுதலைப் போராட்டத்தைத் தானே பார்க்க முடியாமல் பாட்டுக் கணக்கு குறுக்கே நின்றது!

நாமும் அந்த நிலையில் நின்றவர்கள்தான். ஐந்தருவியிலிருந்து சிறிது நேரப் பிரயாணத்தில் இருக்கிறது கடையம். சிறையிலிருந்து விடுபட்ட பாரதியார் 1918 கடைசியிலிருந்து 1920 வரையில், மனைவி செல்லம்மாளின் ஊரான அங்கே வசித்தார். தம் நூல்களை வீடுதோறும் பரப்ப அவர் திட்டம் போட்டதும் அந்நாட்களில்தான், பணம் சேரவில்லை. 1921-ல் அவர் மறைந்தபின், அவர் எழுத்தை அச்சிடும் பாத்தியதை ஒரு வழியிலும், ஒலித்தட்டில் பதியும் பாத்தியதை வேறொரு வழியிலும் பிரிந்தன. பின்னதை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கினார். 'நாம் இருவர்' (1947) படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் அப்பாட்டுகளைப் பட்டிதொட்டியெல்லாம் கேட்கச் செய்ததும் அவரே. அதை மறுக்க நாம் தயாரில்லை. ஆனால் 1948-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது செட்டியார் தரப்பிலிருந்து சட்டரீதியான ஆட்சேபம் கிளம்பிற்று. சட்டப்படி அவர் செய்தது குற்றமில்லை. குற்றம் சட்டத்தில் இருந்தது.

தமிழ்நாடு அதைச் சும்மா விடவில்லை. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் கண்டார்கள். மெய்யப்பச் செட்டியார் பணம் ஒன்றும் பெறாமல் தம் பாத்தியதையை விட்டுக்கொடுத்தார். 1949-ல் சென்னை ஸர்க்கார், குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்து, பாரதி இலக்கியத்தை ஏற்றுக்கொண்டது. பின்னர் அது பொதுஜனச் சொத்தாயிற்று. கவிஞன் குடும்பத்துக்குப் பணம், ஜனங்களுக்குப் பாட்டு. இந்த முறையைக் கண்டுபிடித்தது நாம். அதைச் சினிமாவுக்குக் கொண்டுபோகத்தான் மறந்துவிட்டோம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்கள் 1993-ல் நாட்டுடைமையாயின என்பது மெய்யே. சொல் நாட்டுடைமை; மெட்டும் ஒலிப்பதிவும் யாருடைமையோ!

சங்கீத வித்வான்களின் வாயில் மண் போடச் சொல்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். பாட்டெழுதியவன் பட்டினி கிடக்கத் தட்டு விற்றவன் மாடி கட்டிய கதைகளை நாம் அறிவோம். படத்துக்காகக் கூலி பெற்று இயற்றிய பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையேல், தயாரிப்பாளரே சொந்தக்காரர் என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பாடகனுக்குப் பாத்தியதை ஒன்றுமே இல்லாதிருப்பது குறை என்று அப்போதே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பு எழுதினார். 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது நீங்கலாக, மற்ற வழிகளில் வரும் வருமானத்தில் பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு என்றும், அந்தப் பங்கை எழுதி வாங்கிக்கொள்ளக் கூடாது என்றும் ஏற்பட்டது. நல்ல சட்டம். நாம் வரவேற்கிறோம்.

பங்கு கேட்பது வேறு, கதவைச் சாத்துவது வேறு. முன்னதை எவ்வளவு வேண்டுமானாலும் உறுதிப்படுத்துங்கள். பின்னது பழைய படங்கள் விஷயத்தில் ஒருவர் கையிலும் இருக்கலாகாது என்கிறோம்.

இதற்கு வழி சட்டத்திலேயே பாதி இருக்கிறது. 31டி ஷரத்தின்படி ரேடியோ நிலையம் முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயித்த ராயல்டியைக் கட்டிவிட்டால், வெளியான எந்தப் பாட்டையும் ஒலிபரப்பலாம். உடையவர் மறுக்க முடியாது. இன்டர்நெட் மூலம் வீட்டுக்கு வருவதற்கு இந்தச் சலுகை இல்லை என்று 2019-ல் பம்பாய் ஹைகோர்ட்டு சொல்லிவிட்டது. 31ஏ ஷரத்து இன்னொரு வாசல். ஆசிரியர் இறந்துவிட்டாலோ, உடையவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, மனுப் போட்டு லைசென்ஸ் பெறலாம். அந்த மனுவை விசாரிக்க இருந்த போர்டு 2021-ல் கலைக்கப்பட்டபின் ஹைகோர்ட்டுப் படியேற வேண்டும். மனுவுக்கு முன் விளம்பரமும் செய்யவேண்டும், எந்தப் பத்திரிகையில்? ஆங்கிலத் தினசரியில்! தமிழ்ப் பாட்டுக்குச் சொந்தக்காரரான தமிழர் எங்கோ ஒரு கிராமத்தில் இருந்தால், அவரைக் கூப்பிட ஆங்கிலத்தில் விளம்பரம். வெள்ளைக்காரன் போன பிறகு எழுதின சட்டம் இது.

படத்தின் பாத்தியதை எந்தத் தேதியில் தீருகிறதோ, அந்தத் தேதியிலிருந்து அதற்குள் இருக்கும் பாட்டைப் படத்தோடு சேர்த்துக் காட்ட யாருக்கும் தடையிருக்கக் கூடாது. காட்டுகிறவர் நிர்ணயித்த தொகையை ஒரு பொது நிதியில் கட்டவேண்டும். வாரிசுகள் அத்தாட்சி காட்டிப் பெற்றுக்கொள்ளட்டும். பாட்டைத் தனியாகப் பிரித்து விற்கிறவருக்கு இந்தச் சலுகை வேண்டாம். இவ்வளவுதான் திருத்தம். டெல்லியிலே கொண்டுவர வேண்டியது. தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கும் 39 லோக்சபை அங்கத்தினர்களில் ஒருவராவது தனிநபர் மசோதாவாக இதைக் கொடுப்பாரா என்று கேட்கிறோம். சென்னை ஸர்க்கார் அதுவரை காத்திருக்கவேண்டிய அவசியமில்லை. பாபநாசம் சிவன் முதலானோரின் படப் பாட்டுகளுக்கு இன்று பாத்தியஸ்தர் யார் யார் என்று ஒரு ஜாபிதா தயாரித்து வெளியிட, எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தாலே போதும்.