குழந்தைக்கு ஒவ்வாமை: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

நீலகிரி மலையில் மஞ்சூர்ப் பக்கம் இருக்கிறது பிக்கட்டி. சுற்றிலும் தேயிலைத் தோட்டம். காலையில் பனிமூட்டம். மழைக் காலத்தில் நாள் கணக்கில் வெயில் தலை காட்டாது.

இப்படிப்பட்ட மலை ஊர்களில் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பட்டணத்துப் புகை இங்கே இல்லை. நல்ல காற்றுதான் வீசுகிறது. பிறகு ஏன் பிள்ளைக்கு இளைக்கிறது? விடிந்தால் ஏன் ஓயாமல் தும்முகிறான்?"

நியாயமான கேள்வி. பல வீடுகளில் இதற்கு விடை வெளியே இல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிறது!

1819-ம் ஆண்டு கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தார். மலைக் காற்று உடம்புக்கு நல்லது என்ற பேச்சு அதன்பின் எங்கும் பரவியது. அதே 1819-ல் லண்டனில் ஜான் பாஸ்டாக் என்ற டாக்டர் ஒரு விவரம் வெளியிட்டார். கோடை வந்தால் தமக்குக் கண் அரிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, மூச்சு முட்டுகிறது என்றார். காரணம் அவருக்கே விளங்கவில்லை. பூக்களின் மகரந்தத் தூள்தான் காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது. "அலர்ஜி" என்ற பெயரை 1906-ல் சூட்டியவர், வியன்னா நகரத்துக் குழந்தை டாக்டர் பிர்கே.

ஒவ்வாமை என்றால் என்ன?

உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. நோய்க் கிருமி வந்தால் எதிர்த்து அடிப்பது அதன் வேலை. சில குழந்தைகளின் உடம்பில் அந்தப் படை ஆள் தெரியாமல் அடிக்கிறது. தூசியையும் முட்டையையும் பகைவன் என்று நினைத்துவிடுகிறது. அந்தச் சண்டையில்தான் தும்மல், அரிப்பு, தடிப்பு, இளைப்பு எல்லாம் வருகின்றன.

ஆகவே இது தொற்று நோய் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. தாய் தந்தைக்கு இளைப்போ கரப்பானோ இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். அதற்காக யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குள் இருக்கும் எதிரி

மெத்தை, தலையணை, கம்பளி ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் வாழ்கின்றன. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அவற்றின் உணவு. ஈரம் என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். வறண்ட மலைகளில் அவை குறைவு. நீலகிரியோ ஈரமான மலை. போதாததற்கு, நனைந்த சுவரில் பூஞ்சணம் வேறு பிடிக்கிறது.

செய்ய வேண்டியது என்ன? போர்வையையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் அலச வேண்டும். வெயில் வந்த நாளில் மெத்தையையும் கம்பளியையும் வெளியே போட வேண்டும். ஈரத் துணியைப் படுக்கை அறையில் காயப் போடக் கூடாது. பகலில் கொஞ்ச நேரமாவது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

அடுத்த எதிரி, புகை. விறகு அடுப்புப் புகையும் பீடி, சிகரெட் புகையும் குழந்தையின் மூச்சுக் குழாயைப் புண்ணாக்கும். குளித்த குழந்தைக்குப் பாசத்தோடு போடும் சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். கரிக் கணப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்குவது இன்னும் மோசம். அது உயிரையே குடித்துவிடும்.

பம்பு பழகிவிடுமா?

இளைப்புள்ள பிள்ளைக்கு டாக்டர் பம்பு எழுதித் தருகிறார். "வேண்டாம், பழகிவிடும்" என்கிறது பக்கத்து வீடு. பம்பு பெட்டிக்குள் போகிறது. பிள்ளை இரவெல்லாம் உட்கார்ந்தே மூச்சு வாங்குகிறது.

இது தவறான பயம். பம்பு மருந்து போதைப் பொருள் அல்ல. குறைந்த அளவு மருந்து நேராக நெஞ்சுக்குப் போகிறது. மாத்திரையைவிடக் கெடுதல் குறைவு. பம்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இளைப்பு வந்ததும் அடக்குவது. மற்றொன்று, வராமல் தடுப்பது. தடுக்கும் பம்பைப் பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலும் கொடுக்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

கண்டபடி பத்தியம் வேண்டாம்

இளைப்பு என்றதும் வாழைப்பழம், பால், முட்டை, தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. பிள்ளை மெலிகிறது, இளைப்பு மட்டும் போவதில்லை. உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். எதைத் தின்றது, எப்போது தடித்தது என்று ஒரு நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டினால், எதை நிறுத்துவது என்று அவர் சொல்லுவார். பாலும் முட்டையும் ஒத்துக் கொள்ளாத பிள்ளைகள் பலருக்கு வளர வளர அது தானே சரியாகிவிடும்.

2015-ல் லண்டனில் ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு நிலக்கடலை உணவு கொடுத்து வந்தார்கள். மறு பாதிக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தால், கடலை தின்ற பிள்ளைகளிடம் கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது! ஒதுக்கி வைப்பதே பாதுகாப்பு என்ற பழைய எண்ணம் அடிபட்டுப் போயிற்று. ஆனால் கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். சிறு குழந்தைக்கு முழுக் கடலை கூடாது. தொண்டையில் அடைத்துக் கொள்ளும். நன்றாக அரைத்துக் கொடுக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான நேரம்

தோட்டத்தில் குளவியோ தேனீயோ கொட்டுகிறது. அல்லது பிள்ளை ஒவ்வாத ஒன்றைத் தின்றுவிடுகிறது. உடனே முகம், உதடு வீங்குகிறது. குரல் கம்முகிறது. மூச்சு திணறுகிறது. வாந்தி, மயக்கம் வருகிறது. அப்போது மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அரிப்பு மாத்திரையும் போதாது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். 108-க்குப் போன் செய்ய வேண்டும். பிள்ளையை நடக்க விடாமல் படுக்க வைக்க வேண்டும். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வைக்கலாம்.

மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவும் நேரத்தைத் தின்னும். 2022-ல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது நல்ல செய்திதான். ஆனால் இந்த ஆபத்து ஊட்டி போய்ச் சேரும் வரை காத்திருக்காது. தடுப்பூசி போடும் இடங்களில் அட்ரினலின் வைத்திருப்பது வழக்கம். அதே ஊசி மருந்து, தோட்டத்து ஆஸ்பத்திரி முதல் கிராமத்துச் சுகாதார நிலையம் வரை எந்நேரமும் இருக்க வேண்டும். போடத் தெரிந்தவரும் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பு உண்டு. சத்துணவில் முட்டை வருகிறது. எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்பது ஆசிரியருக்கும் சமையல் செய்பவருக்கும் தெரிய வேண்டும். பெற்றோர் அதைச் சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு தாள்தான்!

தும்மலை அலட்சியம் செய்வதும் தவறு. எல்லாவற்றையும் கண்டு அஞ்சுவதும் தவறு. காரணத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் விலக்கினால், இளைப்புள்ள பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைப் போல மேட்டில் ஏறி ஓடும், பந்து ஆடும். அந்த ஓட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமை நோய்க்கும் இல்லை, அறியாமைக்கும் இல்லை.