ராஜாவுக்கு என்ன வரி?

டிஸ்கி: இது பிரசங்கம் இல்லை. அதுக்கு வேண்டிய குரலும் பொறுமையும் எனக்குக் கிடையாது :-)

இயேசுவை ராஜான்னு பாடாத கிறிஸ்தவக் கூட்டம் இருக்காது. கூடவே இன்னொரு பேச்சும் இப்ப ரொம்பப் பிரபலம். நாம ராஜாவோட பிள்ளைங்க, அதனால நமக்கு நல்ல வீடு, பெரிய கார், அமெரிக்க விசா எல்லாம் வந்தே ஆகணுமாம். எனக்கு இந்த லாஜிக்தான் இடிக்குது. ஒருத்தரை ராஜான்னு ஏத்துக்கிட்டா, நமக்கு வரவேண்டியதை மட்டும் கணக்குப் பார்த்தா எப்படி? நாம கட்ட வேண்டியது எங்கே?

தமிழ்ல 'இறை'ங்கிற சொல்லையே எடுத்துக்குங்க. கடவுளும் இறை, அரசனும் இறை, அரசனுக்குக் கட்டற வரியும் இறை. திருக்குறள்ல 'இறைமாட்சி'ன்னு வர்ற அதிகாரம் சாமியைப் பத்தினது இல்லை, அரசனைப் பத்தினது. ராஜான்னு ஒருத்தர் இருந்தா வரின்னு ஒண்ணும் இருக்கும்னு நம்ம மொழிக்கே தெரிஞ்சிருக்கு.

பைபிள்லயும் இதை ஒளிச்சு வைக்கலை. 1 சாமுவேல் 8-ஆம் அதிகாரத்துல, மத்த ஜனங்களுக்கு இருக்கிற மாதிரி எங்களுக்கும் ஒரு ராஜா வேணும்னு இஸ்ரவேல் மக்கள் கேட்கிறாங்க. சாமுவேல் தாத்தா ஒரு லிஸ்ட் போடறார். உங்க பையன்களை ரதம் ஓட்ட எடுத்துக்குவான், பொண்ணுங்களைச் சமைக்க எடுத்துக்குவான், நல்ல நிலத்தை எடுத்துக்குவான், விளைச்சல்ல பத்துல ஒரு பங்கை எடுத்துக்குவான். ஆஃபர் லெட்டர்ல நாம படிக்காம கையெழுத்து போடற கண்டிஷன்ஸ் மாதிரிதான், அவங்களும் சரின்னுட்டாங்க.

இயேசு கதையில இது தலைகீழாப் போகுது. ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டதும், கூட்டம் அவரைப் பிடிச்சு ராஜாவாக்கப் பார்க்குது. அவர் தனியா மலைக்கு நழுவிடறார். அப்புறம் கழுதை மேல ஊர்வலம். கடைசி ராத்திரி இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு சீஷர்களோட காலைக் கழுவறார். யூதரின் ராஜான்னு மூணு மொழியில போர்டு எழுதி வெச்சது சிலுவைக்கு மேலதான்.

அப்ப வரி தள்ளுபடியா? அங்கதான் மத்தேயு 25 வருது. பசியில இருந்தேன், ஜெயில்ல இருந்தேன்னு பேசறவரை அந்த இடத்துல 'ராஜா'ன்னே குறிப்பிட்டிருக்கு. ரொம்ப எளியவனுக்குச் செஞ்சது எனக்கே செஞ்சதுன்னு சொல்றார். வரி இருக்கு, அதைக் கட்ட வேண்டிய கவுண்டரைத்தான் மாத்திட்டார். அரண்மனையில இல்ல, தெருவுல.

இது வெறும் பக்தி விஷயம்னும் நினைக்க வேண்டாம். கத்தோலிக்கர்கள் கொண்டாடற கிறிஸ்து அரசர் திருவிழா பழங்காலத்துலேர்ந்து வந்ததுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. பதினோராம் பயஸ் அதை ஏற்படுத்தினது 1925-லதான். முதல் உலகப் போர்ல பெரிய பெரிய சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்து, இத்தாலியில முசோலினி சர்வாதிகாரியா நிமிர்ந்த நேரம். பக்கத்துல ஜெர்மனியில, ஹிட்லருக்கு நிபந்தனை இல்லாத விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன்னு கார்ல் பார்த்ங்கிற புராட்டஸ்டன்ட் பேராசிரியர் மறுத்தார். 1935-ல பான் பல்கலைக்கழக வேலை போச்சு. ராஜா ஏற்கனவே ஒருத்தர் இருக்கார்னு நிஜமாவே நம்பினா, அதுக்கு இப்படியும் ஒரு பில் வரும்.

நமக்கெல்லாம் அவ்வளவு பெரிய பில் வர்றதில்லை. ஜூனியர் பையன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரி பண்ணின பக்கை, காலையில க்ளையன்ட் கால்ல அவன் பேரைச் சொல்லிப் பாராட்டறதா, நம்ம கணக்குல எழுதிக்கறதா, அந்த அளவுதான். அதுக்கே அப்ரைசல் ஞாபகம் வந்துடுது!

ஆனா ஊர்ப்பக்கம் நிலைமை சின்னது இல்லை. தமிழ்நாட்டுல சில ஊர்கள்ல கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சாதிச் சுவர் எழுப்பியிருக்காங்க. ரெண்டு பக்கமும் ஒரே சிலுவை. ஒரே ராஜாவோட குடிமக்கள்ல பாதிப் பேரைச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைச்சுட்டு, இந்தப் பக்கம் நின்னு ராஜா ராஜான்னு பாடறதுக்கு என்ன பேர்? என் அகராதியில அது வரி ஏய்ப்பு.

அடுத்த தடவை யாராவது ராஜாவின் பிள்ளைன்னு புதுக் காரைக் காட்டி சாட்சி சொன்னா, அவங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கற அம்மாவுக்கு மாசச் சம்பளம் எவ்வளவுன்னு கேட்கலாம்னு இருக்கேன்.